சைக்கிள் கடை ஆணியில் தொங்கிய பை

கிறிஸ்டினாவின் தாய் பிலோமினாள் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் வியாகுலம்மாள் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள். பருப்பு மண்டியில் வேலை முடிந்ததும் முந்தானையை உதறி, தலையில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டு, வெறுங்கையாகப் படியேறுவாள். கட்டிலோரம் உட்கார்ந்து பிலோமினாளின் காலைப் பிடித்துவிடுவாள். ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டிச் சொல்வாள். காசிமேட்டில் சங்கரா மீன் என்ன விலை போகிறது என்று இரண்டு வார்த்தை பேசுவாள். அவள் உள்ளே நுழையும்போது பிலோமினாளின் கண் முதலில் போவது அவள் இடது கைப் பக்கம்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டபிறகுதான் அந்த முகம் தெளியும்.

அதற்குக் காரணம் இருந்தது. ராயபுரத்தில் அவர்கள் இருந்த தெருக்களில், மாதா கோயிலைச் சேர்ந்த எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், குளிப்பாட்டி, உடுத்தி, கண்ணையும் வாயையும் சரிசெய்து பெட்டியில் வைப்பதற்கு வியாகுலம்மாள்தான் வருவாள். வரும்போது இடது அக்குளில் இடுக்கிய பழுப்புத் தோல் கைப்பை ஒன்று கூட வரும். அந்தப் பையைத் தெருவில் பார்த்தால் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு மத்தியானம், ஜெபமாலை பாதியில் இருக்கும்போதே, பிலோமினாளின் மூச்சு அடங்கிவிட்டது. கிறிஸ்டினா அழுது, அடுப்பில் வெந்நீர் போட்டுத் திரும்புவதற்குள் வியாகுலம்மாள் பையோடு நின்றாள். அவள் வீடு கல்மண்டபத்துக்கும் அப்பால். இவ்வளவு சீக்கிரம் பை எங்கிருந்து வந்தது என்று கேட்கிற நிலைமையில் அன்று கிறிஸ்டினா இல்லை. மூன்றாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹுமாயூன் பாய் சொன்னார்.

“இந்த ஆணி கீது பாரு தங்கச்சி, இதுலதான் மாட்டிட்டு உங்க வூட்டுக்கு வரும். போசொல்ல எத்துக்கினு போவும். எந்நேரம் வோணும்னாலும் தேவைப்படுமேன்னு கைலயே வெச்சிருந்துது. ஆனா உங்கம்மா கண்ணுல மட்டும் படக்கூடாதுன்னுச்சு. யாராண்டயும் சொல்லாத பாய்னு சத்தியம் வேற வாங்கிச்சு.”

கிறிஸ்டினா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய டயர்களுக்கு நடுவே துருப்பிடித்த வெறும் ஆணி. தாயை அடக்கம் செய்த இடத்தில் வராத அழுகை அந்தக் கடை வாசலில் வந்தது.

வியாகுலம்மாளுக்கு இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. தானாக வந்து சேர்ந்தது. அவள் புருஷன் பெயர் சாவியோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். கல்யாணமான புதிதில் பர்மா பஜாரில் அந்தக் கைப்பையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். பருப்பு புடைக்கிறவளுக்குக் கைப்பை எதற்கு என்று வியாகுலம்மாள் சிரித்திருக்கிறாள். அதைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு ஓர் இடமும் வாய்க்கவில்லை. துணிப்பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. பிறகு ஒரு ஆவணி மாதம் சாவியோ மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அந்த நேரம் பார்த்து, சாவு வீட்டில் கைவேலை தெரிந்த பெண்கள் எல்லாரும் காவித் துணி கட்டி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தார்கள். யாரும் இல்லை. வியாகுலம்மாளே தண்ணீர் காய்ச்சினாள், தானே குளிப்பாட்டினாள். பஞ்சு, சோப்பு, சீப்பு, கழுத்தில் போடும் மாதா உத்தரியம் என்று வேண்டியதை ஒன்றாய்ப் போட்டு வைக்க, கைக்கு முதலில் அகப்பட்டது அந்தப் பை. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய பெண்கள் சாவியோவின் முகம் எவ்வளவு அமைதியாயிருந்தது என்று கேள்விப்பட்டார்கள். அடுத்த சாவுக்கு அவளை வந்து கூப்பிட்டார்கள். கர்த்தர் ஒருவரை எந்த வாசல் வழியாக ஊழியத்துக்கு அழைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. உடலைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வாள். பிறகு இறந்தவரின் பெயரைச் சொல்லி, “கை வெக்கிறேன், கோச்சிக்காத” என்பாள். பதில் வரட்டும் என்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். அப்புறம்தான் தொடுவாள்.

கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அவளைக் கூப்பிட யோசித்தவர்கள் இருந்தார்கள். அவளும் அது தெரிந்தவளாக, நல்ல காரியத்துக்கு வரும்போது மஞ்சள் துணிப்பை ஒன்றை மட்டும் எடுத்து வருவாள். கிறிஸ்டினாவின் பக்கத்து வீட்டுக் குப்பம்மா இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். “ஆயாவுக்கு மூஞ்சே வோணாம்மா, பை போதும். மஞ்சப் பைன்னா கண்ணாலம், தோல் பைன்னா கருமாதி.” வியாகுலம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். “உனுக்கு எந்தப் பை எத்தாரட்டும், சொல்லுடி,” என்று அவள் திருப்பிக் கேட்டால் குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள்.

பருப்புத் தூசி கடைசியில் அவள் நெஞ்சில் இறங்கியது. தண்ணீருக்காக நகரமே குடத்தோடு அலைந்த இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. மண்டிக்குப் போவது நின்றது. பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு கோயிலில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் செய்தவளுக்கு யார் செய்வது? அவளுக்குப் பிள்ளை இல்லை. அடக்கத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, போன் செய்தால் கையுறை போட்டு வந்து செய்துவிட்டுப் போவார்கள் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிறிஸ்டினாவும் குனிந்துகொண்டாள்.

செத்தவரைத் தொடுகிற பயம் அவளுக்கு எட்டு வயதில் பிடித்தது. கடலில் மூழ்கிப்போன தகப்பனைக் கரையில் கிடத்தியிருந்தபோது ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அந்தச் சில்லிப்பு இன்னும் அவள் விரலைவிட்டுப் போகவில்லை. பெற்ற தாய் இறந்தபோதும் குளிப்பாட்டும் அறைக்குள் நுழைய அவளால் முடியவில்லை. நெற்றியில் முத்தம் கொடுத்தாள், நடுவில் கைக்குட்டையை வைத்து.

கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போன ஒரு நாள் வியாகுலம்மாள் தலையணைக்குப் பக்கத்திலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். பேச்சு துண்டு துண்டாக வந்தது. பை ஒரே கலீஜாகக் கிடக்கிறது, தன் வேர்வையெல்லாம் அதில் ஊறிப்போயிருக்கிறது, எழுந்து துடைக்கத் தெம்பில்லை, கொஞ்சம் சுத்தம் பண்ணித் தருவாயா என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்காததால் கிறிஸ்டினா பையை வாங்கிக்கொண்டாள்.

வாங்கியதை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பையின் காது அறுந்துவிடும்போல் இருந்ததால் தன்னையறியாமல் இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றிருந்தது. முன்னால் நின்ற பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பேச்சு அப்படியே ஓய்ந்தது. டீக்கடைப் பெஞ்சிலிருந்த பெரியவர் எழுந்து தலைத்துண்டை எடுத்தார். ஹுமாயூன் பாய் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். குப்பம்மாதான் ஓடிவந்தாள்.

“யாருடி? ஆயாவா பூட்ச்சு?”

“இல்லக்கா. பைய தொடக்கக் குட்த்துது.”

“அடிப்பாவி, பத்து நிமிசத்துல தெருவையே பொணமாக்கிட்டியே. அத்த ஒரு கோணில சுத்தி எத்துக்கினு வரக்கூடாதா?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் வியாகுலம்மாள் தெருவில் நடந்தபோதெல்லாம் இந்தக் கண்கள்தான் அவளைப் பார்த்தன என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

வீட்டு வாசலில் புருஷன் ஜேக்கப் வழியை மறித்தான். அவன் விசைப்படகு ஓட்டுகிறவன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தடவையாகக் கடலுக்குப் போகிற வாரம் அது.

“வோணாம்மே. அது வூட்டுக்குள்ள வரக்கூடாது. நா கடலுக்குப் போறவன்.”

அவன் சத்தம் போடவில்லை, அதனால் அவளும் எதிர்த்துப் பேசவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் நிழலில் துணி துவைக்கும் கல்மேல் பையை வைத்தாள்.

துடைப்பதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும். வெகுநேரம் அதன் எதிரில் குந்தியிருந்தாள். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே திறந்தாள். பிணவாடை அடிக்கும் என்று மூச்சைப் பிடித்திருந்தாள். அப்படி ஒன்றும் அடிக்கவில்லை. சோப்பும் சாம்பிராணியும் கலந்த மணம். பையின் உள்துணி கோயில் பீடத்து விரிப்பைப்போல வெள்ளையாயிருந்தது. தாடை கட்டும் துணி துவைத்து, நீவி, நாலாக மடித்து இருந்தது. சீப்பில் ஒரு மயிர் இல்லை. பல சைஸில் உத்தரியங்கள். கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில்கூட ஒன்று. கிறிஸ்டினா அதைத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தாள்.

அழுக்கெல்லாம் வெளியேதான். அதுவும் ஒரு பக்கம். அக்குளும் மேல்கையும் அழுந்துகிற இடத்தில் தோல் கறுத்து, எண்ணெய் இறங்கினாற்போல் பளபளத்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் உப்பு வரி, ஒன்றுக்குள் ஒன்றாக, எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் வற்றிய சேறுபோல. பிடிக்கிற காதும் கறுத்திருந்தது. அங்கேதான் வாடை.

கிறிஸ்டினாவுக்கு இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு எல்லாக் கறைக்கும் ஒரே மருந்துதான். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கை நாற்றத்துக்கும் அதுதான், ரவிக்கை அக்குள் மஞ்சளுக்கும் அதுதான். ஒரு பாட்டில் வீட்டிலேயே இருக்கும். அவள் வேறெதையும் யோசிக்காமல் பஞ்சில் தோய்த்துக் கறையின் நடுவில் வைத்து அழுத்தினாள். கறுப்பு கரைந்து பஞ்சில் ஏறியது. சந்தோஷமாக இன்னும் அழுத்தினாள். ஈரம் உலர்ந்ததும் பார்த்தால், கறையோடு தோலின் பழுப்பும் போயிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தேமல்.

சாவியோ ஆசையாய் வாங்கித் தந்த பை. சாகக் கிடக்கிறவள் நம்பிக் கொடுத்த ஒன்றைப் பாழாக்கியாயிற்று. ஒரு கோணியில் சுற்றிக்கொண்டு ஹுமாயூன் பாயிடம் ஓடினாள்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பவுடர் தண்ணியா? இறா ஷெட்டு பொண்ணுங்க ஒருநாளு மாதாவுக்கே பிளீச்சிங் அடிச்சிடப் போறீங்க,” என்றார். பிறகு கடையில் தொங்கிய பழைய தோல் சீட் ஒன்றைக் காட்டி, சைக்கிள் சீட்டில் ஏறாத வேர்வையா என்று ஆரம்பித்து, செய்ய வேண்டியதைச் சொன்னார். முதலில் காய்ந்த துணியால் உப்பைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு குழந்தைக்குப் போடுகிற சோப்பைக் குழைத்து, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் துணியில் எடுக்க வேண்டும். துணியில் ஈரம் இருக்க வேண்டுமே தவிர, தண்ணீர் சொட்டக் கூடாது.

“வெளிலேந்து உள்ளாரத் தொட. நடுவுல கைய வெச்சா கறை சண்டை மாதிரி, நாலு பக்கமும் பரவிடும். வெய்யில்ல மட்டும் காய வெக்காத, தோலு அப்பளமாப் பூடும். நெழல்ல ஆறட்டும். அப்பால ஒரு சொட்டுத் தேங்கா எண்ணெ. வாடைக்கு ஆப்ப சோடாவத் துணில முடிஞ்சி உள்ள போட்டு வையி.”

தேமலுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். பாய் அலமாரியிலிருந்து பழுப்பு ஷூ பாலிஷ் டப்பா ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். “மறையும், போவாது,” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த ஆணியில் தொங்கின பைக்கு நானும் ஒரு சொந்தக்காரன்தானே என்றார்.

நுரைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். வீட்டில் இருந்தது குடிக்கிற தண்ணீர் மட்டும், அதுவும் அரைக் குடம். போர் தண்ணீர் முழுக்க உப்பு, கறையோடு இன்னும் உப்பைச் சேர்க்கும். கிறிஸ்டினா யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜேக்கப் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். கொடியில் காற்றாடப் போட்டிருந்த தாடைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எங்கப்பனுக்குக் கட்னது இதுவா?” என்றான்.

“துணி வேற. கட்ன கை அதே கைதான்.”

அவன் கதவைச் சாத்திவிட்டுப் படகுக்குப் போய்விட்டான். சாயங்காலம் படகுக்கு ஐஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் ஐஸ் துண்டுகளைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். உருகினால் நல்ல தண்ணீர்தான் என்று மட்டும் சொன்னான். அது போதுமாயிருந்தது கிறிஸ்டினாவுக்கு.

உருகிய தண்ணீரில் துணியை முக்கினாள். விரல் மரத்தது. அந்தச் சில்லிப்பு வந்ததும் பழைய பயமும் கூடவே வந்தது. அவள் துணியைப் போட்டுவிட்டு, வியாகுலம்மாள் செய்வதுபோல உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். மறுபடி முக்கினாள், பிழிந்தாள், ஓரத்திலிருந்து உள்ளே துடைத்தாள். துணி மாற்றி மாற்றி, ஷெட்டு வேலை போக மிச்சமான நேரமெல்லாம் அதிலேயே போனது. உப்பு வரி முழுக்கப் போய்விட்டது. கறுப்பு மங்கிப் பழுப்போடு பழுப்பாயிற்று. தேமல்மேல் பாலிஷ் தேய்த்தாள். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. எண்ணெய் பூசி நிழலில் ஆறவிட்டாள். காய்ந்தபின் எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கினாள். தாடைத் துணியை வியாகுலம்மாள் மடித்திருந்தபடியே நாலாக மடித்து நீவினாள்.

கோணி இல்லாமலேதான் எடுத்துக்கொண்டு போனாள்.

வியாகுலம்மாள் பையை மடியில் வைத்துத் தடவினாள். விரல் நேராகத் தேமல் இருந்த இடத்துக்குப் போயிற்று. கிறிஸ்டினா பிளீச்சிங் தண்ணீர்க் கதையை ஒளிக்காமல் சொன்னாள். வியாகுலம்மாள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. “எனுக்கு வாங்கியாந்த மனுசன் பாத்தா என்னைய வுட்டுட்டு உன்னத் திட்டுவாரு,” என்றாள். பிறகு பையை மூடி, கிறிஸ்டினாவின் மடியில் வைத்தாள்.

“உன்னாண்டையே இருக்கட்டும்.”

கிறிஸ்டினாவுக்குக் கண் நிறைந்தது. “எனுக்குப் பயமா கீது பெரிம்மா. எங்கம்மாவையே நா தொடல.”

“தெரியும். வாசல்ல நின்னுகினு இருந்தியே, பாத்தேன். பயம் போவாது கண்ணு. எனுக்கும் போவல. கைய சூடு பண்றது எதுக்குன்னு நெனச்ச? செத்தவங்களுக்கா? எனுக்குத்தான்.”

அதற்குமேல், கிறிஸ்டினா எழுந்து புறப்படும்வரை, அவர்கள் சாவைப் பற்றிப் பேசவில்லை. கிறிஸ்டினா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள், அவளைச் சாய்த்துப் படுக்க வைத்தாள், இருவரும் சேர்ந்து ஒரு பத்து மணி ஜெபம் சொன்னார்கள். ஜேக்கப் அந்த வாரமே கடலுக்குப் போனான். அவன் கும்பிட்டுப் புறப்பட்டபோது பை வீட்டுக்குள், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. நல்லபடியாகத் திரும்பி வந்தான்.

ஒரு விடியற்காலையில் கோயிலில் துக்க மணி அடித்தது. சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்டினா முகம் கழுவி, பையை எடுத்து, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். தண்ணீர் வரிசையில் பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். குப்பம்மா இந்தத் தடவை கேலி செய்யவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். சைக்கிள் கடை வாசலில் ஹுமாயூன் பாய் எழுந்து நின்றார். பார்வை அவரையறியாமல் ஆணிக்குப் போயிற்று. கிறிஸ்டினாவும் அந்த ஆணியைப் பார்த்தாள். அதில் பையை மாட்டிவிட்டு வெறுங்கையோடு வியாகுலம்மாள் வீட்டுக்குப் போய் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. பயம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அவள் நிற்கவில்லை.

துடைத்துக் கொண்டுவந்த பையைத் திரும்பக் கிறிஸ்டினாவின் மடியிலேயே வைத்த அந்த நாள், அவள் விடைபெற்று வாசல்வரை வந்தபிறகு, வியாகுலம்மாள் கட்டிலிலிருந்து கூப்பிட்டிருந்தாள். மூச்சுக்காக இரண்டு தடவை நிறுத்திச் சொன்னாள்.

“எனுக்காக வரசொல்ல, பைய பாய் கடைல மாட்டிட்டு வராத கண்ணு. கைல எத்துக்கினு, நாலு பேரு பாக்க, வாசல் வழியாவே வா. எனுக்கு அத்தப் பாத்துப் பயமில்ல.”